எண்ணூறு நாற்காலிகளில் ஒரு வரி

— அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடு, ராம்பிரசாத். மிச்சத்தை என்ன வேணா வாசிக்கச் சொல்லிக்கோ.

— எடுக்க முடியாது கிரிஜா. அச்சாயி எண்ணூறு நாக்காலில கெடக்கு. ஒவ்வொண்ணாப் போயி மை வச்சு அழிக்கச் சொல்லுதியா?

— அழி. இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

— அம்மா, ப்ளீஸ். அங்கிளைப் பாரு, வேர்த்து சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. தலைப்பாகை கட்டற அண்ணா வேற துணியோட வாசல்ல நிக்கறார். முதல்ல தலையைக் கொடு, அப்புறம் சண்டை போடு.

— என் தலையில ஒண்ணும் ஏறாது, வைஷு. அந்த வரி போகாம நான் இந்த ரூமை விட்டு நகரப் போறதில்ல.

— நல்ல கதையா இருக்கே! பரிசு வாங்குத மத்த நாலு பேரும் ஏற்கெனவே தலைப்பாகை கட்டிட்டு மேடையில ஜம்முனு உக்காந்திருக்காவ. அஞ்சாவது நாக்காலி மட்டும் சும்மா கெடந்தா, செக்ரட்டரின்னு என்னையத்தான் கேப்பாவ.

— கேக்கட்டும். பதில் சொல்லு.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். எந்த வரி? மத்லப், அதாவது, எனக்கு ஒண்ணும் புரியல. புக்லெட்டை நான் இப்பதான் வெளியில நின்னு படிச்சேன். மராத்தியில எவ்ளோ அழகா எழுதியிருக்கு! எனக்குக் கண்ல தண்ணி வந்துடுச்சு.

— அதான் பிரச்சனை.

— பிள்ளைக்குத் தெரியுத அருமை உனக்குத் தெரியலியே. சவத்த விடு கிரிஜா.

— வைஷு, அதை எடு. உன்னைப் பத்தி எழுதினதை வாசின்னு சொன்னா எப்படி வாசிப்பியோ, அப்படி வாசி. தமிழ்ல சொல்லு. எழுதினவர் காதுல ஒழுங்கா விழட்டும்.

— என் தமிழ்லயா? சரி, சிரிக்கக் கூடாது. "நம்ம காலேஜ்ல எண்பத்தஞ்சுல எம்.எஸ்சி. முடிச்சவங்க கிரிஜா அனந்தராமன். ஒரு சலைன் கம்பெனி லேப்ல சாதாரண வேலைக்குச் சேர்ந்து, தரக்கட்டுப்பாட்டுக்கே தலைவரா வந்தாங்க. ரிடையர் ஆனப்புறம் தேஹு ரோடு வீட்டுலயே சின்ன லேப் வெச்சு, யார் வந்தாலும் குடிதண்ணியை ஃப்ரீயா டெஸ்ட் பண்ணிக் கொடுக்கறாங்க." இதுவா?

— இது சரி. அடுத்தது.

— "தொண்ணூத்தி நாலுல, கெட்டுப்போன ஒரு பேட்ச் சலைனை நல்லதுன்னு எழுதச் சொல்லி மேலிடம் மிரட்டினப்போ, கையெழுத்துப் போட மாட்டேன்னு நிமிர்ந்து நின்னவங்க." அம்மா! இதை நீ என்கிட்ட சொன்னதே இல்ல! உனக்கு நான் ஒரே பொண்ணு. நாற்காலி மேல கிடந்த புக்லெட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?

— அந்த வரிதான்.

— க்யா? இதையா எடுக்கணும்? மொத்த புக்லெட்டுலயும் இது ஒண்ணுதான், அம்மா, படிக்கற மாதிரி இருக்கு! மத்தவங்களைப் பாரு. ஒருத்தர் ஏழு நாட்டுல ஆபீஸ் திறந்தாராம். ஒருத்தர் கம்பெனியை ஆரம்பிச்சு வித்தாராம், திரும்பவும் ஆரம்பிச்சு திரும்பவும் வித்தாராம். மாட்டேன்னு சொன்ன ஆள் ஒருத்தர்கூட இல்ல.

— கேட்டுக்கோ கிரிஜா. நான் சொன்னா ஏறாது.

— ஓ. புரிஞ்சுது, புரிஞ்சுது. கானிட்கர், அதானே? உன் பழைய எம்.டி. முன்வரிசையில சீஃப் கெஸ்ட்டா உட்கார்ந்திருக்கார். அவர் முன்னாடி இதை வாசிச்சா உனக்கு பயம். அரே, நீ ரிடையர் ஆயாச்சு அம்மா! அவருக்கு எண்பது வயசு. உன்னை என்ன பண்ணிடுவார்?

— கானிட்கருக்கு நான் என்னைக்கும் பயந்ததில்ல. ஒரே ஒரு நாளைத் தவிர.

— அந்தாளை வாசல் கேட்டு வரைக்கும் போயி கூட்டியாந்தது நான்தான். பூச்செண்டைக் கையில வச்சுட்டு என் மொகத்தைப் பாத்து, "நீங்க யாரு?"ன்னு கேக்காரு. செக்ரட்டரின்னேன். "நல்லது, நல்லது"ன்னுட்டு பூச்செண்டைத் திருப்பி என் கையிலயே குடுத்துட்டாரு, தூக்கிட்டு வரச் சொல்லி.

— அதுக்குத்தான் இந்தக் கோபமா அங்கிள்?

— கோவமா? எனக்கா? சே.

— அம்மா, நீ எதுக்கு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நிக்கறே? பேசு. நான் மார்க்‌ஷீட் கொண்டு வந்தா இப்படித்தான் நிப்பே. திட்டினாகூடப் பரவாயில்லன்னு இருக்கும்.

— ராம்பிரசாத். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

— யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வைஷும்மா, நீ போயி உங்கம்மைக்கு ஒரு சாயா வாங்கிட்டு வாயேன். இஞ்சி தட்டிப் போடச் சொல்லு. காலைல இருந்து ஒண்ணும் குடிச்ச மாதிரி தெரியல.

— நான் எங்கயும் போகல. இன்ஷூரன்ஸ் விக்கற மாதிரி பேச்சை மாத்தாதீங்க.

— முப்பது வருசம் அதைத்தானே வித்தேன். லேசுல போவுமா?

— உட்காரு வைஷு. அந்த வரியில இருக்கறது நடந்தது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. ஆனா மாட்டேன்னு நின்னது நான் இல்ல.

— மத்லப்? அப்படின்னா?

— நான் கையெழுத்துப் போட்டேன்.

— ஜோக் பண்றே.

— நான் என்னைக்கு ஜோக் அடிச்சிருக்கேன்?

— கிரிஜா, போதும். பிள்ளை மொகத்தைப் பாரு.

— பார்த்துட்டுத்தான் சொல்றேன். வைஷு, ஒரு பேட்ச் சலைன் வெளியே போகறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து டியூப்ல ஊத்தி, சூட்டுப் பெட்டியில பதினாலு நாள் வெப்போம். கிருமி இருந்தா டியூப் கலங்கும். பதினாலு நாளும் தெளிவா இருந்தாத்தான் பாட்டில் வெளியே போகலாம். தினம் டியூபைப் பார்த்து எழுதறவர் ஒருத்தர். அதைச் சரிபார்க்கறவ நான். ரெண்டு கையெழுத்து வேணும். அந்தத் தடவை ஒன்பதாம் நாளே ஒரு டியூப் கலங்கிடுச்சு.

— அப்புறம்?

— அவர் ரெஜிஸ்டர்ல "கலங்கல்"னு எழுதினார். கானிட்கர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குச் சரக்கு போய்ச் சேரலேன்னா ஆர்டர் போயிடும், "தெளிவு"ன்னு மாத்திடுன்னார். இவர் பேனாவை மூடி பாக்கெட்டுல சொருகினார். டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டார். வீட்டுக்குப் போயிட்டார். அவ்வளவுதான். கத்தல, சட்டம் பேசல. சாயங்காலமே வேலை போச்சு.

— நீ?

— அன்னைக்கு ராத்திரியே என்னைக் கூப்பிட்டாங்க. ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருந்தாங்க. புதுப் பக்கம் ஒண்ணைத் தந்தாங்க. நான் உட்கார்ந்து எழுதினேன். முதல் நாள் தெளிவு, ரெண்டாம் நாள் தெளிவு. ஒன்பதாம் நாள் தெளிவு. அதோட நிக்கல. மீதி நாள் இன்னும் வரவே இல்ல. அதையும் எழுதினேன்.

— வராத நாளுக்கா?

— வராத நாளுக்கு. பார்த்தவர் இடத்துல என் கையெழுத்து. சரிபார்த்தவர் இடத்துல கானிட்கர்.

— தொண்ணூத்தி நாலு... நான் கைக்குழந்தை. அப்பாவோட ஃபேக்டரி மூடியிருந்த டைம். நீ வேலையை விட்டிருந்தா வீடு எப்படி ஓடும்? அதுக்காகத்தானே அம்மா பண்ணினே?

— உன்னைக் காரணமாச் சொல்ல மாட்டேன். அவர் வீட்டுலயும்தான் குழந்தை இருந்தது.

— அப்பாவுக்குத் தெரியுமா?

— அன்னைக்கே சொன்னேன். சாப்பிடாமப் படுத்துட்டார். அப்புறம் சாகற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல.

— எத்தனை பாட்டில்?

— நாலாயிரம்.

— யாருக்காவது... ஏதாவது...

— தெரியாது. ஒரு வருஷம் தினம் மூணு பேப்பர் வாங்கிப் படிச்சேன். எதுவும் வரல. வரலேன்னா நடக்கலேன்னு அர்த்தமில்ல. சலைன் ஏறினவன் செத்தா, வந்த வியாதியில செத்தான்னுதானே எழுதுவாங்க.

— அதுக்கப்புறம் இவ என்ன செஞ்சான்னு கேளு பிள்ளே. அதைச் சொல்ல மாட்டா. பதவி ஏற ஏற, இவ கண்ணுல படாம ஒரு பாட்டிலு கேட்டைத் தாண்டல. எத்தனை பேட்சைச் சாக்கடையில கொட்ட வச்சா! இவ வராண்டாவுல வந்தா கானிட்கரு வேற வழியாப் போவாரு. லேசுப்பட்ட காரியமா?

— அப்ப அதை வாசிக்கச் சொல்லு. சாக்கடையில கொட்டினது என்னுது. பயந்து கொட்டினேன். மாட்டேன்னு சொன்னது என்னுது இல்ல.

— அங்கிள். இது அம்மா இல்லேன்னு உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சே எழுதினீங்க.

— தெரிஞ்சேதான் எழுதினேன்.

— ஏன்?

— கமிட்டிக்காரவ என்ன கேக்காவ? என்ன பதவி, எத்தனை பேருக்கு மேல அதிகாரி, என்ன சேவை செஞ்சாருன்னு கேக்காவ. மாட்டேன்னு சொன்னவன் அன்னைக்கே வெளிய போயிட்டான். அவனுக்கு ஏது பதவி? ஆனா அந்த வார்த்தை இந்த ஹாலுல ஒருக்காவது விழணும் பிள்ளே. கானிட்கர் காதுல விழணும். விழுந்து, என்னது ஏதுன்னு யோசிக்கதுக்கு முன்னால, எண்ணூறு பேரோட சேந்து அந்தாளும் அதுக்குக் கை தட்டணும். அந்த வார்த்தையைச் சொமந்துக்கிட்டு மேடை ஏற ஒரு பேரு வேணும்லா? உங்கம்மை பேரு இருந்துச்சு. ஏத்தி வச்சேன்.

— என்னைக் கேக்காமலே.

— கேட்டா ஒத்துக்கிடுவியா?

— மாட்டேன்.

— அதான் கேக்கல.

— அரே, அதுக்கு அந்த ஆளுக்கே இந்த அவார்டைக் கொடுத்திருக்கலாமே! அவரும் இந்த காலேஜா?

— எங்க பேட்ச்தான். நான் ரெண்டு தடவை அவருக்காக ஃபார்ம் போட்டேன். போன வருஷம் ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு. கமிட்டிக்குப் போகாமலே ரெண்டும் திரும்பி வந்தது. "தற்போதைய பதவி"ங்கற கட்டம் காலியா இருக்காம்.

— யார் திருப்பி அனுப்பினது?

— உன் அங்கிளைக் கேளு. கீழே செக்ரட்டரி கையெழுத்து அழகா இருக்கும்.

— அங்கிள்!

— விதிமுறை அப்படி இருக்கு பிள்ளே.

— விதிமுறையா? ஒருத்தர் வேலையை விட்டுட்டு டிபன் பாக்ஸோட வீட்டுக்குப் போயிருக்கார். நீங்க கட்டம் காலியா இருக்குன்னு ஃபார்மைத் திருப்பியிருக்கீங்க. அப்புறம் அவர் செஞ்சதை எடுத்து வேற ஒருத்தர் பேர்ல போட்டிருக்கீங்க. கானிட்கருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவரும் பக்கத்தைக் கிழிச்சார், நீங்களும் கிழிச்சீங்க. வெக்கமா இல்ல?

— கொஞ்சம் இருக்கு.

— வைஷு, போதும்.

— போதாது. அவர் பேர் என்ன? சொல்லு. மைக்ல வாசிக்கற மேடம் என் ஸ்கூல் டீச்சரோட அக்கா. நான் போய்ச் சொல்றேன், அவங்க மாத்தி வாசிப்பாங்க.

— பேரைச் சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— வேலை போன மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கலாம்னு போனேன். கேக்க விடல. காபி கொடுத்தார். "என் பேரை வெச்சு எங்கயும் கதை சொல்லாதே, பாவப்பட்டு எவனும் எனக்கு வேலை தர வேண்டாம்"னார். சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். ஃபார்ம்ல எழுதினதுகூட, அது செக்ரட்டரி கண்ணைத் தாண்டாதுன்னு தெரிஞ்சுதான்.

— உயிரோட இருக்காரா?

— இருக்கார்.

— உன்மேல கோபமா?

— அது தெரிஞ்சிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

— கோவமெல்லாம் ஒண்ணும் இருக்காது. முப்பத்தோரு வருசமாச்சு. அவன் அதைக் கேட்டானா, இதைக் கேட்டானா? அவன் ஒண்ணும் கேக்கல, கிரிஜா.

— கேக்கல. அதுதான் எனக்கு இத்தனை நாள் வசதியா இருந்தது.

— சரி, சரி, நேரமாயிட்டு. அங்க நாலாவது ஆளு பேசி முடிக்கப் போறாரு, அடுத்தது நீ. ஒண்ணு செய்யலாம். அந்த மேடம்கிட்ட சொல்லி, அந்த ஒரு வரியைத் தாண்டி வாசிக்கச் சொல்லுதேன். அச்சுல கெடந்தாக் கெடக்கட்டும். யாரு படிக்கா? வடாபாவ் வச்சுத் திங்கதுக்கு ஆவும்.

— வேண்டாம்.

— என்ன வேண்டாம்? அதைத்தானே அரை மணி நேரமாக் கேக்க?

— கேட்டேன். எடுத்துட்டா நான் தப்பிச்சுடுவேன். அது இப்பதான் புரியுது. அந்த வரி வரட்டும். முழுசா வாசிக்கட்டும். நீ ஆசைப்பட்ட மாதிரி கானிட்கர் கை தட்டட்டும். அவர் தட்டி முடிச்சதும் நான் மைக்கை வாங்கிக்கறேன்.

— வாங்கி?

— புதுப் பக்கத்தை எழுதினவ நான்னு சொல்லப் போறேன். வராத அஞ்சு நாளையும் சேர்த்து.

— உனக்கென்ன கிறுக்கா? பரிசைப் பிடுங்குவாவ. பேப்பர்ல வரும். கேசு கீசுன்னு...

— வரட்டும். அன்னைக்கு மூணு பேப்பர்ல தேடினேன். நாளைக்கு ஒண்ணுலயாவது இருக்கட்டும்.

— அம்மா, உன் லேப்? தண்ணி கொண்டு வர்றவங்க உன் ரிப்போர்ட்டை நம்பித்தானே வர்றாங்க?

— நம்பாதவங்க இன்னொரு இடத்துலயும் பார்த்துக்கட்டும். அதுதான் ஒழுங்கு.

— கானிட்கர் சும்மா இருப்பாரா?

— அறுபத்திரண்டு வயசுல என்னை எந்த வேலையை விட்டு அனுப்புவார்?

— எனக்கு உன்மேல கோபம்.

— இருக்கட்டும்.

— ரொம்பக் கோபம். வீட்டுக்குப் போய் நான் கத்துவேன்.

— கத்து. கதவைச் சாத்திட்டு கத்து.

— நில்லு, புடவை மடிப்பு கலைஞ்சிருக்கு. பின் குத்திடும், அசையாம நில்லு. உனக்கு மேடையில பயமா இருந்தா என்னைப் பாரு. திரை ஓரத்துல நிப்பேன்.

— இருக்காது.

— கிரிஜா, நான் சொல்லுதைக் கேளு. நம்ம ரெண்டு பேருக்கும் இது தெரியும். அது போதாதா?

— முப்பத்தோரு வருஷம் போதும்னுதான் இருந்தேன்.

— அம்மா, அப்ப மாட்டேன்னு சொன்னது யாருன்னு ஹால்ல கேப்பாங்களே?

— கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். அவரா எழுந்து நின்னாத்தான் உண்டு. இல்லேன்னா அந்த வரி யாருக்கும் சொந்தமில்லாம கிடக்கட்டும், அந்த எண்ணூறு நாற்காலியிலயும். வரேன்.

— போயிட்டாளே.

— தலைப்பாகைகூடக் கட்டிக்கல. அந்த அண்ணாவைத் தாண்டிப் போயிட்டா. அங்கிள், இங்க வாங்க. திரை ஓரமா நல்லாத் தெரியுது.

— நீயே பாத்துச் சொல்லு. நான் இங்க நின்னு கேக்கேன்.

— மைக் மேடம் வாசிக்கறாங்க. எம்.எஸ்சி. முடிச்சாச்சு... தலைவர் ஆயாச்சு... தேஹு ரோடு வந்தாச்சு... இதோ அந்த வரி. அங்கிள், கேக்குதா? எல்லாரும் தட்டறாங்க! சில பேர் எழுந்தே நிக்கறாங்க!

— அவரு?

— யாரு, கானிட்கரா? தட்டறார். கையைத் தூக்கித் தட்டறார்.

— தட்டுதாரா.

— அங்கிள்? அழறீங்களா?

— இல்ல பிள்ளே. நீ மேல சொல்லு.

— அம்மா மைக்கை வாங்கிட்டா. அவங்க போர்த்தின ஷாலை மடிச்சு மேஜையில வெச்சுட்டா. மராத்தியில பேசறா. மெதுவாப் பேசறா, அந்த டியூப், பதினாலு நாள்... சொல்லிட்டா. கையெழுத்துப் போட்டவ நான்னு சொல்லிட்டா.

— ஹாலுல என்ன செய்யுதாவ?

— ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கறாங்க. கானிட்கர் கையை இறக்கிட்டார். பக்கத்துல இருக்கறவர்கிட்ட என்னவோ கேக்கறார். பின்னாடி யாரோ கத்தறாங்க, "அப்ப மாட்டேன்னு சொன்னது யாரு?"ன்னு. இன்னொருத்தரும் கேக்கறார். அம்மா ஒண்ணும் சொல்லல. அப்படியே நிக்கறா.

— சொல்ல மாட்டா.

— எனக்கு அவளைத் தெரியும் அங்கிள், ஹால் காலியாகற வரைக்கும் அப்படியேதான் நிப்பா. அவங்க சிரிச்சாலும் நிப்பா. ஏதாவது பண்ணுங்களேன்! உங்களுக்கு அவர் யாருன்னு தெரியும், உங்ககிட்ட எல்லார் நம்பரும் இருக்கு. ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க!

— போனெல்லாம் வேண்டாம் தாயி.

— ஏன், வர மாட்டாரா?

— வருவான். நீ அந்தத் திரையை விலக்கிப் பிடி. ஒம்பதாம் நாளு காலைல அந்த டியூபை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தவன் நான்தான்.